ஷெல் துண்டின் மேல் போட்ட பழியும் 22 எழுத்துச் செய்தியும்

பெரியப்பாவின் இடுப்பு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தால் முதலில் கண்ணில் படுவது அந்த இரும்புத் துண்டுதான். சுண்டு விரல் நகம் அளவு. ஒரு பக்கம் வளைவு, மறு பக்கம் கூர். எலும்புகள் சாம்பல் வெள்ளையாக மங்கிக் கிடக்க, அது மட்டும் சுண்ணாம்புப் பொட்டு வைத்தது போலப் பளிச்சென்று தெரியும். 2009 பங்குனியில், பொக்கணையில், பதுங்குகுழி வாசலில் நின்றபோது பட்ட ஷெல் துண்டு. எடுக்கப் போனால் நரம்புக்கு ஆபத்து, இருந்தால் பெரிய பழுதில்லை என்று பிறகு பார்த்த வைத்தியர்கள் சொன்னார்கள். அதனால் இன்னும் இருக்கிறது. வன்னியில் இப்படி உடம்புக்குள் இரும்போடு நடமாடுகிறவர்கள் ஒவ்வோர் ஒழுங்கையிலும் உண்டு.

மூன்று வருடங்களுக்கு முன், மாசி மாதத்தில், காலபோக அறுவடை முடிந்த கையோடு பெரியப்பாவுக்கு நாரி வலி தொடங்கியது. முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் அவருக்கு வயல் இருக்கிறது. அப்போது வயது 64. வலி என்றதும் எல்லோரும் இரும்புத் துண்டைக் காட்டினோம். நானும் காட்டினேன். பிறகு களைப்பு வந்தது. வரம்பில் நான்கு தரம் நடந்தால் குந்த வேண்டியிருந்தது. வயது போகிறது, சாப்பாடு போதாது என்றோம். பிறகு கிளினிக்கில் பார்த்தபோது, சிறுநீரகம் பழுதானால் குருதியில் ஏறும் கிரியேற்றினின் கூடியிருந்தது. அதற்கும் எங்களிடம் காரணம் தயாராக இருந்தது. வவுனியாவிலும் அதற்குத் தெற்கே வடமத்திய மாகாணத்திலும் காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் எத்தனை கமக்காரர்களைத் தின்றிருக்கிறது என்பதை எல்லோரும் அறிவோம். கிணற்றுத் தண்ணீர், மருந்தடிப்பு, வெயில் என்று சொல்லி முடித்தோம். வலிக்கு ஒரு காரணம், களைப்புக்கு ஒரு காரணம், சிறுநீரகத்துக்கு ஒரு காரணம். மூன்றும் தனித்தனியே பார்த்தால் நியாயமானவை. மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டிப் பார்க்க ஐந்து மாதம் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான் மருத்துவ ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவள். குருதிக் குழாய்களோடு பதினான்கு வருடம். ஆடி மாதத்தில் பெரியப்பா எங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கினார். முகம் வெளிறியிருந்தது. "பெரியப்பா, நாளைக்கு என்னோடு வாருங்கள், நான் ஒருமுறை பார்க்கிறேன்" என்று கூட்டிப்போய் நானே ஊசி குத்தி எடுத்தேன். ஈ.எஸ்.ஆர். குழாயை நிறுத்தி ஒரு மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் செங்குழியங்கள் 128 மில்லிமீற்றர் கீழே இறங்கியிருந்தன. அந்த வயதில் 30 என்றாலே கொஞ்சம் யோசிப்போம். கண்ணாடித் தட்டில் ஒரு துளி இழுத்து, லீஷ்மன் சாயம் போட்டு, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தேன்.

செங்குழியங்கள் தனித்தனியே கிடக்க வேண்டும். அவை காசு அடுக்கியது போல ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டி, நீளநீளச் சரங்களாகக் கிடந்தன. கோயில் உண்டியல் எண்ணும்போது இரண்டு ரூபாய்க் குற்றிகளை அடுக்கிச் சாய்த்து வைப்பார்களே, அப்படி. இந்தக் காட்சி கடுமையான அழற்சி நோய்களிலும் வரும். ஆனால் வெளிறல், எலும்பு வலி, சிறுநீரகம், 128, இந்தச் சரங்கள் என்று எல்லாம் ஒரே ஆளில் வந்தால், பாடப் புத்தகத்தில் ஒரே ஒரு பெயர்தான் முதலில் வரும். நான் அந்தக் கதிரையில் கன நேரம் இருந்தேன். வெளியே வாங்கில் பெரியப்பா பக்கத்தில் இருந்தவரோடு நெல் விலை பற்றிக் கதைத்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

மல்டிபிள் மைலோமா. ஒரு வகைக் குருதிப் புற்றுநோய். எலும்புக்குள் இருக்கும் என்புமச்சையில் பிளாஸ்மா கலங்கள் என்று ஒரு வகை வெண்குழியங்கள் இருக்கின்றன. கிருமிகளுக்கு எதிரான பிறபொருளெதிரிகளைச் செய்வது அவற்றின் வேலை. அவற்றில் ஒன்று கட்டறுந்து தன்னைத் தானே பிரதியெடுக்கத் தொடங்கினால், அந்தக் குடும்பம் முழுவதும் ஒரே ஒரு புரதத்தைத் தேவையில்லாமல் கொட்டித் தள்ளும். அந்தப் புரதம் குருதியில் நிறைவதால்தான் செங்குழியங்கள் ஒட்டி அடுக்காகின்றன, ஈ.எஸ்.ஆர். ஏறுகிறது. பெருகும் கலங்கள் மச்சையில் இடம் பிடிப்பதால் செங்குழிய உற்பத்தி குறைந்து வெளிறல். அவை எலும்பை அரிக்கும் கலங்களைத் தூண்டிவிடுவதால் நாரி வலி, கல்சியம் ஏற்றம். அந்தப் புரதத்தின் சிறு துண்டுகள் சிறுநீரகக் குழாய்களில் இறுகி அடைத்துக்கொள்வதால் கிரியேற்றினின். நாங்கள் தனித்தனியே காரணம் சொல்லிவைத்த எல்லாவற்றுக்கும் ஒரே வேர்.

இங்கே ஒரு சிறு விடயத்தைச் சொல்லாமல் போக முடியாது. அந்தப் புரதத் துண்டுகள் சிறுநீரில் வருவதை இலண்டன் வைத்தியர்கள் 1840களிலேயே கண்டுவிட்டார்கள். ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்பவருடைய பெயரில்தான் இன்றும் அது வழங்குகிறது. சிறுநீரைச் சூடாக்கும்போது கலங்கி, கொதிக்கும்போது மறுபடியும் தெளிவடையும் விசித்திரமான புரதம். ஆனால் கிளினிக்குகளில் சிறுநீருக்குள் தோய்த்துப் பார்க்கும் நிறப்பட்டி அல்புமின் என்ற புரதத்தைத்தான் நன்றாகக் காட்டும், இதைக் காட்டாது. பெரியப்பாவின் கிளினிக் கொப்பியில் மூன்று தடவை "சிறுநீரில் புரதம் இல்லை" என்று எழுதியிருந்தது. எழுதியவர் மேல் பிழையில்லை. பட்டி அப்படித்தான் சொன்னது.

உறுதி செய்ய என்புமச்சை எடுக்க வேண்டும். மச்சையில் நோய்ப் பிளாஸ்மா கலங்கள் 10 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கின்றனவா என்பது நோயை நிர்ணயிக்கும் சர்வதேச நியதியின் முதற்படி. எம்.ஆர்.ஐ. எடுத்தால் எலும்புகளின் நிலை இன்னும் தெளிவாகத் தெரியும். ஆனால் உடம்பில் இரும்புத் துண்டு இருப்பவரை அந்தக் காந்தத்துக்குள் அனுப்ப வைத்தியர்கள் தயங்கினார்கள், அது சரியான தயக்கம். மச்சை எடுப்பதற்கும் முடிவு வருவதற்கும் வேறு வேறு நகரங்களுக்கு அலைந்தோம். பெயர் வைத்து நோயைச் சொன்னபோது ஐப்பசி. மாசியிலிருந்து எட்டு மாதம். இடுப்பெலும்பில் ஊசி இறக்கிய அன்று திரும்பி வரும்போது பெரியப்பா பஸ்ஸில் என் பக்கத்தில் ஒருக்களித்து இருந்தார். "கிணறு வெட்டுகிறவன் பாறையில் அலவாங்கு போடுவது போலப் போட்டார்கள், பிள்ளை" என்றார். மாங்குளம் தாண்டிய பிறகு கேட்டார்: "கையில் எத்தனை தரம் இரத்தம் எடுத்தீர்கள். இது அந்த இரத்தத்தில் தெரியாதா?"

அந்தக் கேள்விக்குச் சரியான பதில் தேடித்தான் நான் சிறு ஆர்.என்.ஏ. பற்றிப் படிக்கத் தொடங்கினேன். இந்தக் கட்டுரையும் அந்தத் தேடலில் வந்ததுதான்.

ஒவ்வொரு கலத்துக்குள்ளும் டி.என்.ஏ. மூல நூல். அதிலிருந்து தேவையான பக்கத்தைப் பிரதி எடுத்துப் புரதம் செய்யும் இடத்துக்குக் கொண்டு போவது செய்தி ஆர்.என்.ஏ. 1993இல் அமெரிக்காவில் விக்டர் அம்புரோசும் கேரி ரவ்குனும் ஒரு மில்லிமீற்றர் நீளப் புழு ஒன்றில் இதற்குள் அடங்காத ஒன்றைக் கண்டார்கள். வெறும் 22 எழுத்து அளவே நீளமான ஓர் ஆர்.என்.ஏ. அது எந்தப் புரதத்தையும் செய்வதில்லை. வேறொரு செய்தியின் வால் பக்கத்தில் போய் ஒட்டி, அந்தச் செய்தி வாசிக்கப்படாமல் தடுக்கிறது. வாய்க்காலில் பலகை இறக்கித் தண்ணீரை மட்டுப்படுத்துவது போன்ற வேலை. இந்த வகைச் சிறு ஆர்.என்.ஏ.க்களுக்குத்தான் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்று பெயர். ஏழு வருடம் வரை பலர் அதைப் புழுவின் தனிக்குணம் என்றே எண்ணினார்கள். 2000இல் ரவ்குன் குழு கண்ட இரண்டாவது சிறு ஆர்.என்.ஏ. மனிதர் உட்படப் பல விலங்குகளில் எழுத்து மாறாமல் இருந்தது. அதற்குப் பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. இருவருக்கும் 2024இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. புழுவிலிருந்து பரிசு வரை 31 வருடம். பெரிய பரிசுகளை விட இந்த இடைவெளிதான் எனக்கு மரியாதை ஊட்டுகிறது.

புற்றுநோயோடு இவற்றை முதன்முதலில் கோத்ததே ஒரு குருதிப் புற்றுநோய்தான். 2002இல் கார்லோ குரோச்சேயின் ஆய்வுகூடத்தில் ஜோர்ஜ் காலினும் மற்றவர்களும் நாட்பட்ட நிணநீர்க்கல வெண்குருதிப் புற்றுநோயில் 13ஆம் நிறமூர்த்தத்தின் ஒரு துண்டு ஏன் அடிக்கடி காணாமல் போகிறது என்று தேடினார்கள். அந்தத் துண்டுக்குள் புரதம் செய்யும் பரம்பரையலகு எதையும் குற்றவாளியாக்க முடியவில்லை. அங்கே இருந்தவை இரண்டு மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள், 15 எனவும் 16 எனவும் எண் பெற்றவை. அவர்கள் பார்த்த நோயாளிகளில் ஏறக்குறைய 68 சதவீதத்தினரில் இவை அழிந்திருந்தன அல்லது குறைந்திருந்தன. கலம் சாகாமல் பிடித்து வைக்கும் ஒரு புரதத்தை இவை அடக்கி வைத்திருந்தன என்பது பிறகு தெரிந்தது. பலகை உடைந்தால் வாய்க்கால் பெருகாமல் என்ன செய்யும்.

அடுத்த திருப்பம் 2008. பொதுவாக ஆர்.என்.ஏ. மிக எளிதில் சிதையும் பொருள். குருதியில் அதைக் கடித்துத் துண்டாக்கும் நொதியங்கள் நிறைய இருக்கின்றன. அப்படியிருக்க, கலங்களுக்கு வெளியே, குருதியின் நீர்ப் பகுதியிலேயே மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் முழுதாக மிதக்கின்றன என்று அந்த ஒரே வருடத்தில் பல குழுக்கள் அறிவித்தன. ஒக்ஸ்போர்டில் நிணநீர்ப் புற்றுநோய் நோயாளிகளின் சீரத்தில், அதாவது குருதி உறைந்த பின் மேலே நிற்கும் நீரில், 21, 155, 210 ஆகிய எண்களுடையவை கூடியிருப்பதைக் கண்டார்கள். அவை சிதையாமல் தப்புவதற்குக் காரணம் தனியே அலையாததுதான். சில கலங்கள் உதிர்க்கும் நுண்ணிய கொழுப்புக் குமிழிகளுக்குள் இருக்கும். பெரும்பாலானவை ஒரு புரதத்தின் பிடிக்குள் ஒளிந்திருக்கும். பனையோலையில் சுற்றிய பனங்கட்டி மழையில் கரையாமல் வீடு வந்து சேர்வது போல.

இப்போது பெரியப்பாவின் கேள்விக்கு வருகிறேன். என்புமச்சையில் இருக்கும் நோய்க் கலங்கள் தங்கள் கையெழுத்தைக் குருதிக்குள் அனுப்புகின்றன. அப்படியானால் கையில் எடுத்த குழாயிலேயே படிக்கலாம்தானே?

படிக்கலாம் என்பதற்கு ஒரு நல்ல முன்மாதிரி ஏற்கெனவே உண்டு. நாட்பட்ட மச்சை வெண்குருதிப் புற்றுநோயில், 1960இல் பிலடெல்பியாவில் கண்ட நிறமூர்த்த மாற்றத்தால் இரண்டு பரம்பரையலகுகள் ஒட்டிப் பிறக்கும் ஒரு ஆர்.என்.ஏ. உண்டு. இன்று அந்த நோயாளிகளுக்கு மாத்திரை வேலை செய்கிறதா என்று பார்க்க ஒவ்வொரு தடவையும் மச்சை துளைப்பதில்லை. கையில் எடுத்த குருதியில் அந்த ஒட்டு ஆர்.என்.ஏ.யை அளக்கிறார்கள். ஆனால் அது செய்தி ஆர்.என்.ஏ., சிறு ஆர்.என்.ஏ. அல்ல. வித்தியாசம் அளவில் மட்டும் இல்லை. வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு வந்த கூட்டத்தில் நெற்றியில் தழும்புள்ள ஒரு குறிப்பிட்ட ஆளைத் தேடுவது ஒரு வேலை. அதே கூட்டத்தில் இந்த வருடம் ஒட்டுசுட்டானில் இருந்து வந்தவர்கள் போன வருடத்தை விடக் கூடவா குறைவா என்று சொல்வது வேறொரு வேலை. ஒட்டு ஆர்.என்.ஏ. முதலாவது. ஆரோக்கியமான ஆளிடம் அது இருக்கக் கூடாது. மைக்ரோ ஆர்.என்.ஏ. இரண்டாவது. அது எல்லோரிடமும் இருக்கிறது. கூடினதா குறைந்ததா என்பதே கேள்வி. எதோடு ஒப்பிட்டு, எப்போது எண்ணி, யார் எண்ணினார்கள் என்பதில் எல்லாம் தங்கியிருக்கிறது.

எண்ணும் கருவி கொரோனாக் காலத்தில் எல்லோர் வாயிலும் அடிபட்ட அதே பி.சி.ஆர். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு மடங்காகும் பெருக்கல். பத்துச் சுற்றில் ஒன்று ஆயிரத்துக்கும் மேலாகிவிடும். 22 எழுத்து என்பது பெருக்கத் தொடங்கப் பிடிக்கும் பிடிக்கே சரியாகப் போய்விடும். அதனால் கொண்டை ஊசி போல வளைந்த ஒரு துணைத் துண்டை ஒட்டி அதை நீளமாக்கிப் பிறகு பெருக்குகிறார்கள். அழகான யுக்தி. ஆனால் இந்தப் பெருக்கல் எங்கள் பிழையையும் சேர்த்தே பெருக்கும்.

மைலோமாவில் இந்த வழியில் பலர் போயிருக்கிறார்கள். 2012இல் ஒரு குழு சீரத்தில் சில சிறு ஆர்.என்.ஏ.க்களைச் சேர்த்துப் பார்த்து, ஆரோக்கியமானவர்களையும் மைலோமா நோயாளிகளையும் பிரிக்கலாம் என்றது. அதில் ஒன்றின் எண் 720. பின்னர் அது மைக்ரோ ஆர்.என்.ஏ.யே அல்ல, புரதம் செய்யும் இடத்துக்கு அமினோ அமிலத்தைச் சுமக்கும் வேறொரு ஆர்.என்.ஏ.யின் உடைந்த துண்டு என்று தெரிந்து, பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. இதைக் கேட்டுச் சிலர் அந்த ஆய்வே வீண் என்று நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. உடைந்த துண்டும் நோயைக் காட்டினால் காட்டட்டும். ஆனால் நாம் அளப்பது எது என்றே தெரியாமல் ஒரு நோயாளியிடம் முடிவு சொல்லும் துணிவு எனக்கு வராது. 2017இல் புதிதாக நோய் கண்ட 156 பேரின் குருதிக் குமிழிகளைப் பார்த்த இன்னொரு குழு, இரண்டு மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் நோயின் போக்கை முன்கூட்டியே சொல்ல உதவுகின்றன என்று காட்டியது. நோயைக் கண்டுபிடிப்பதும் நோயின் போக்கைச் சொல்வதும் ஒன்றல்ல. இரண்டாவதில் இந்தத் துறை முதலாவதை விட நம்பிக்கை தருகிறது என்பது என் வாசிப்பு. நோயை நிர்ணயிக்கும் நியதிகளுக்குள் சிறு ஆர்.என்.ஏ. எதுவும் இன்னும் நுழையவில்லை.

ஏன் நுழையவில்லை என்பதற்கு நான் தினமும் கையில் பிடிக்கும் குழாயே விடை.

ஒரு மைக்ரோலீற்றர் குருதியில் வெண்குழியங்கள் சில ஆயிரம். சிறுதட்டுகள் இலட்சக் கணக்கில். செங்குழியங்கள் ஐம்பது இலட்சம் அளவில். இவை எல்லாவற்றுக்குள்ளும் மைக்ரோ ஆர்.என்.ஏ. நிறைந்திருக்கிறது. வெளியே நீர்ப்பகுதியில் மிதப்பது மிகச் சொற்பம். செங்குழியங்களில் ஒரு சிறு பங்கு உடைந்தாலே போதும், நோய்க் கலம் அனுப்பிய மெல்லிய குரல் அந்த இரைச்சலில் அமுங்கிவிடும். 2012இல் ஒரு சியாற்றில் குழு கணக்குப் பார்த்தது. திண்மக் கட்டிகளாக வளரும் புற்றுநோய்களுக்குக் குருதிச் சுட்டிகள் என்று அதுவரை அறிவிக்கப்பட்ட 79 மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களில் 46 குருதிக் கலங்களுக்குள்ளேயே தாராளமாக இருப்பவை. கலங்கள் உடைந்தால் சிலவற்றின் அளவு 50 மடங்கு வரை மாறியது. அப்படிச் செங்குழியத்துக்குள் நிறைந்திருப்பவற்றில் ஒன்று எது தெரியுமா? 16 என்ற எண்ணுடையது. வெண்குருதிப் புற்றுநோயில் குறைந்துபோகிறது என்று 2002இல் கண்ட அதே ஒன்று. மூடியைத் திறக்கும்போது குழாய் கொஞ்சம் இளஞ்சிவப்பாக இருந்தால், உடைந்த செங்குழியங்களின் 16 அந்தக் குறைவை மூடி மறைத்துவிடும். நோயாளி நோயில்லாதவராகத் தெரிவார்.

இது எனக்குப் புத்தகச் செய்தி அல்ல. பெரியப்பாவுக்கு மருந்து தொடங்கிய இரண்டாம் மாதம். ஒரு தனியார் சேகரிப்பு நிலையத்தில் கொடுத்த குருதி, ரெஜிபோம் பெட்டியில் போட்டு, வெயில் நேரத்து பஸ்ஸில் ஏ-9 வீதியால் தெற்கே போனது. இரவு எட்டரைக்குத் தொலைபேசி வந்தது. பொற்றாசியம் 7.1, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள், இதயம் நின்றுவிடலாம். ஒட்டுசுட்டானில் இருந்து ஓட்டோ பிடித்து, யானை கடக்கும் இடங்களில் விளக்கை அணைத்துக் காத்திருந்து, பெரியம்மா வழி முழுவதும் அம்மனை வேண்டிக்கொண்டே வந்தார். நான் வாசலில் நின்றேன். மறுபடி எடுத்துப் பார்த்தால் 4.6. இதயத் துடிப்புப் படம் சீராக இருந்தது. முதல் குழாய் வழியில் குலுங்கிச் சூடேறிச் செங்குழியங்கள் உடைந்து, உள்ளே இருந்த பொற்றாசியத்தை வெளியே கொட்டியிருந்தது. அந்த இரவு முழுவதும் நடந்தது ஒரு குழாயின் கதை. பெரியப்பாவின் உடம்பில் அப்படி ஒன்றுமே நடக்கவில்லை.

பொற்றாசியத்தில் இப்படி நடந்தால் நமக்குத் தெரிகிறது. எண் பயமுறுத்துகிறது, மறுபடி எடுக்கிறோம். 22 எழுத்துச் செய்திகளில் நடந்தால் ஒருவரும் விழித்தெழப் போவதில்லை. அதுதான் எனக்குப் பயம்.

ஆனால் 2008இன் அந்தக் கட்டுரைகளில் ஒன்றில், சியாற்றிலில் இருந்து வந்ததில், நான் திரும்பத் திரும்ப வாசித்த ஒரு பகுதி உண்டு. திரவவிழையத்தை, அதாவது கலங்களைப் பிரித்தெடுத்த பிளாஸ்மாவை, அறை வெப்பத்தில் 24 மணித்தியாலம் வைத்தார்கள். எட்டுத் தடவை உறைய வைத்து உருக்கினார்கள். உள்ளே இருந்த மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் ஏறக்குறைய அப்படியே இருந்தன. வெளியிலிருந்து செயற்கையாகச் சேர்த்தவை உடனே சிதைந்தன. ஓலைக்குள் இருந்த பனங்கட்டி தப்பியது, ஓலை இல்லாதது கரைந்தது. பிரித்தெடுத்த பிளாஸ்மா என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய சொல். முழுக் குருதியாகக் கிடந்தால் கலங்கள் ஒவ்வொன்றாக உடைந்து எல்லாம் கலந்துவிடும். சியாற்றில் அறையின் வெப்பமும் சித்திரை மாத வன்னியின் வெப்பமும் ஒன்றல்ல என்பதையும் நான் மறக்கவில்லை.

இதிலிருந்து எனக்குக் கிடைத்த முடிவு எளிமையானது. இப்படி ஒரு சோதனை ஒருநாள் வந்தால், வன்னியில் செய்ய வேண்டிய முக்கியமான வேலை பி.சி.ஆர். அல்ல. குருதி எடுத்த இடத்திலேயே, ஒரு மணித்தியாலம் இரண்டு மணித்தியாலத்துக்குள், மையநீக்கி இயந்திரத்தில் சுழற்றி, மேலே நிற்கும் நீர்ப்பகுதியை எடுத்து, சிறுதட்டுகள் மீதமில்லாமல் இன்னொரு முறை சுழற்றி, பிறகு அனுப்புவது. மல்லாவியிலும் மாங்குளத்திலும் புதுக்குடியிருப்பிலும் வைத்தியசாலை உண்டு. சீரம் பிரிக்கும் மையநீக்கி ஆய்வுகூட வேலைக்கு அன்றாடப் பொருள். தேவைப்படுவது மின்சாரம் நின்றாலும் உறைநிலையைத் தாங்கும் ஒரு பெட்டி. அதோடு ஏன் இரண்டாம் முறை சுழற்ற வேண்டும் என்று தெரிந்த ஒரு கை. குருதி உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் போட்ட குழாயில் எடுக்கக் கூடாது, அது பி.சி.ஆரையே தடுக்கும், ஊதா மூடிக் குழாயில் எடுக்க வேண்டும் என்று தெரிந்த கை. கோடிக்கணக்கில் இயந்திரம் வாங்கித் திறப்பு விழா வைப்பதை விட இந்தக் கைகளைப் பழக்குவது மலிவு. ஆனால் திறப்பு விழாவில் வெட்ட அங்கே ரிப்பன் இருக்காது.

இன்னொன்றும் இருக்கிறது. கூடினதா குறைந்ததா என்பதற்கு ஒப்பிட ஓர் ஆரோக்கியமான கூட்டம் வேண்டும். கட்டுரைகளில் வரும் கட்டுப்பாட்டுக் குழுவினர் பெரும்பாலும் தூர நகரங்களின் பல்கலைக்கழக வைத்தியசாலைகளில் குருதி கொடுத்த, வேறு குறை இல்லாதவர்கள். எங்கள் பக்கத்தில் 64 வயதுக் கமக்காரர் என்றால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கலாம், இரும்புச் சத்து குறைந்திருக்கலாம், நீரிழிவு இருக்கலாம், தலசீமியாச் சுவடு இருக்கலாம், உடம்புக்குள் பதினைந்து வருடப் பழைய இரும்பைச் சுற்றி ஆறாத அழற்சி இருக்கலாம். இவை ஒவ்வொன்றும் குருதியின் சிறு ஆர்.என்.ஏ.க்களை அசைக்கக் கூடியவை. புற்றுநோய் உள்ளவரை ஆரோக்கியமான இளைஞனிடமிருந்து பிரித்துக் காட்டும் சோதனை எனக்குத் தேவையில்லை, அதை வெளிறிய முகமே காட்டும். மைலோமாவால் சிறுநீரகம் கெட்டவரை, வேறு காரணத்தால் சிறுநீரகம் கெட்ட அவருடைய பக்கத்து வயல்காரரிடமிருந்து பிரித்துக் காட்டும் சோதனைதான் எனக்கு வேண்டும். வவுனியாப் பல்கலைக்கழகமும் கிளிநொச்சி அறிவியல் நகரும் இந்த மண்ணில்தான் இருக்கின்றன. இங்கே படிக்கும் ஒரு பிள்ளை இந்தக் கேள்வியைத் தன் ஆய்வாக எடுத்தால் வாசலில் முதலில் போய் நிற்பவள் நானாக இருப்பேன்.

அதுவரை? கையில் இருப்பதைக் கொண்டு பார்க்கலாம், அதுவும் கொஞ்சமல்ல. ஈ.எஸ்.ஆர். நூறைத் தாண்டினால் அந்தத் தாளை மடித்து வைக்கக் கூடாது. குருதியின் மொத்தப் புரதத்திலிருந்து அல்புமினைக் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது வழமைக்கு மேல் என்றால் கேள்வி கேட்க வேண்டும். கல்சியம் பார்க்க வேண்டும். குருதிப் புரதங்களை மின்சாரத்தால் வகைவகையாகப் பிரித்துக் காட்டும் புரத மின்பிரிப்புச் சோதனையை எழுதிக் கொடுக்கச் சொல்லலாம். வெளிறலும் நாரி வலியும் சிறுநீரகமும் ஒரே ஆளில் கூடினால், ஷெல் துண்டு எக்ஸ்ரேயில் எவ்வளவு பளிச்சென்று தெரிந்தாலும் அதைக் கொஞ்ச நேரம் கையால் மறைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். நான் இப்போது உண்மையாகவே அப்படித்தான் பார்க்கிறேன். பெருவிரலால் மறைத்துவிட்டு.

பெரியப்பா இப்போது தெல்லிப்பழைக்கு மருந்துக்குப் போய் வருகிறார். 2011இல் தெய்வேந்திரமுனையில் இருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்து சேர்த்த காசில் எழுந்த புற்றுநோய்ப் பிரிவு அது. எங்களுக்குக் கொழும்புக்கு அருகே மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலை வரை போகும் அலைச்சலை அது மிச்சப்படுத்துகிறது. வயிற்றில் ஊசி, கிழமைக்கு ஒருநாள் கைநிறைய மாத்திரை. கிரியேற்றினின் கொஞ்சம் இறங்கி ஓரிடத்தில் நிற்கிறது. போன கிழமை மாதக் கணக்குக் குருதிக்கு வந்தார். அவருடைய குழாயை நான் இப்போது பஸ்ஸில் விடுவதில்லை. எடுத்து, உறைய விட்டு, உடனே சுழற்றி, மேலே நின்ற சீரத்தை யன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். இளஞ்சிவப்பு ஒரு துளியும் இல்லை. புது வைக்கோலின் மஞ்சள்.

"எப்படி இருக்கிறது, பிள்ளை?"

"நல்ல நிறம், பெரியப்பா. ஒன்றும் உடையவில்லை."

"அப்படியென்றால் நான் பத்தரை பஸ்ஸைப் பிடிக்கிறேன். பின்னேரம் வாய்க்கால் திறக்கிறார்கள்" என்று சொல்லிச் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்தார்.